பதினொரு நிமிட யோசனை

அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கான சதுரங்கப் போட்டி மானிப்பாயில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. கடைசிச் சுற்றில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர் காங்கேசன்துறைக்காரர். முப்பது வருடப் பழக்கம். போட்டிகளில் என்னை ஒருமுறைகூட வென்றதில்லை. செத்துப்போக முதல் ஒருக்கால் என்னை வென்றுவிட வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிவார். நானோ ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எனக்குத் தோற்கத் தெரியாது. அது கெட்டித்தனம் இல்லை, வியாதி.

அன்று அவர் விளையாடியதைப் பார்த்து எனக்கு வியர்த்துவிட்டது. குதிரையை நடுவில் கொண்டுவந்து வைத்தார். என் ராணி போகிறது, தப்ப வழியே இல்லை. அந்தச் சந்தோசத்தில் மனுசன் பலகைக்குப் பக்கத்திலிருந்த மணிக்கூட்டின் பொத்தானை அமத்த மறந்துவிட்டார். அமத்தினால்தான் என் நேரம் ஓடத் தொடங்கும். ஆகவே யோசிக்கும் முறை என்னுடையது, கரைந்ததோ அவருடைய நேரம். அவருக்குப் பதினொரு நிமிடம் மிச்சமிருந்தது; அது முடிந்தால் ஆட்டம் எனக்கு.

சொல்லவேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் நாங்கள் சொல்லுவோம். விரலால் மணிக்கூட்டைக் காட்டினால் போதும். அவரே எனக்கு எத்தனை தரம் காட்டியிருக்கிறார். நான் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு பலகையையே பார்த்தபடி இருந்தேன். வாய்க்குள் என்ன கொழுக்கட்டையா இருந்தது? வெட்கங்கெட்டவன். பக்கத்தில் இரண்டு பேர் கதைக்கத் தொடங்க, மாஸ்ரர் யோசிக்கிறார், சத்தம் போடவேண்டாம் என்று அவர்தான் மெல்லக் கேட்டுக்கொண்டார்.

நேரம் முடிந்ததும், அப்போதுதான் கண்டவன் போல மணிக்கூட்டைக் காட்டினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. நடுவர் வந்து எனக்கு வெற்றி என்று எழுதினார். அவர் எழுந்து கை தந்தார்.

"என்ரை பிழை, மாஸ்ரர். நீங்களும் யோசினையிலை காணேல்லைப் போலை. கண்டிருந்தாச் சொல்லியிருப்பியள்."

நான் தலையாட்டினேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் கேட்டார்: "அவ்வளவு நேரம் யோசிச்சனீங்கள். அதிலை தப்ப வழி இருந்ததோ?"

இல்லை என்று சொல்லியிருந்தால், பலகையிலாவது என்னை வென்றுவிட்ட நிம்மதியோடு வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் வழி இல்லாத இடத்தில் பதினொரு நிமிடம் எதை யோசித்தேன் என்ற கேள்வி பின்னாலேயே வரும்.

"ஓம், இருந்தது" என்றேன்.

போன கிழமையும் தொலைபேசி எடுத்தார். காய்களை அடுக்கி வைத்து அந்த வழியை இன்னும் தேடுகிறாராம். தன் மூளைக்கு எட்டவில்லையாம்.