தலை நிமிராத வாட்ச்மேன்

ஓசூரில் எங்கள் கம்பெனி வாசலில் இருந்த வாட்ச்மேன் தலை நிமிர்ந்து நான் பார்த்ததே இல்லை. மூக்கு நுனியில் கண்ணாடி, மடியில் கன்னட பேப்பர். மற்றவர்கள் ஹார்ன் அடிக்க வேண்டும். என் பழைய ஜீப் வந்தால் மட்டும், உட்கார்ந்தபடியே கயிற்றைத் தளர்த்தி, தடுப்புக் கம்பத்தைத் தானாகவே உயர்த்திவிடுவார்.

ஜீப்பில் ஒரு 'டக்' சத்தம். மெக்கானிக் பேச்சை நம்பி ஷாக் அப்சார்பரை இரண்டு முறை மாற்றியும் அது போகவில்லை. ஒரு காலையில் வாட்ச்மேனிடம் புலம்பினேன்.

"மேடு பள்ளத்துல சத்தம் வரலீங்க சார்," என்றார், பேப்பரைப் பார்த்தபடியே. "இந்த வாசல் ஸ்பீடு பிரேக்கர்ல அமைதியாத்தான் ஏறி எறங்குது. அப்புறம் நீங்க ஆக்சிலேட்டர மிதிக்கறப்பதான் 'டக்'குங்குது. எது கெட்டுப்போச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க."

அதை அப்படியே மெக்கானிக்கிடம் சொன்னேன். என்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டின் மூட்டு தேய்ந்திருந்தது. மாற்றியதும் சத்தம் நின்றது.

மறுநாள் காலை கம்பம் உயரவில்லை. ஹார்ன் அடித்தேன். அவர் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தார். ஜீப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"யாரப் பாக்கணுங்க?"