வால்வு திறக்கத் தெரியாதவள்

சண்டை முடிந்தது என்று எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. சுடுவதை நிறுத்துகிறோம் என்றுதான் இரண்டு தளபதிகளும் கையெழுத்துப் போட்டார்கள். அன்றைக்கு எந்தப் படை எங்கே நின்றதோ அங்கேயே கோடு விழுந்துவிட்டது. ஏரி அந்தப் பக்கம் போயிற்று. பம்பும் மின்சாரமும் இந்தப் பக்கம் நின்றன. தாகம் மட்டும் இரண்டு ஊருக்கும் பொது. அதனால் தண்ணீருக்கென்று ஒப்பந்தத்தில் தனியாக ஒரு பிரிவு சேர்த்தார்கள்.

கோட்டின் நடுவில் ஒரு குழி, அதில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வால்வுகள். தினமும் காலையில் இரண்டு பக்கத்திலிருந்தும் ஓர் ஆள் இறங்கி, ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசக் கூடாது. சொந்தக்காரர்கள் இறங்கவே கூடாது. மீறினால் தண்ணீர் நின்றுபோகும். மேலே இரண்டு துப்பாக்கிகள் காவல்.

இந்தப் பக்கத்து வால்வுக்காரர் முதல் நாள் இறங்கியபோது, எதிரே நின்றவர் யார் தெரியுமா? அவருடைய தங்கையின் புருஷன்! கட்டிக்கொடுத்த வீடு கோட்டுக்கு அப்பால் மாட்டிக்கொண்டது. இருவரும் முன்பின் பார்க்காதவர்கள் போல, "திறக்கலாமா?" "திறக்கலாம்" என்றார்கள். வருஷக்கணக்காக அவ்வளவுதான் பேச்சு. மச்சான் சட்டையில் அறுந்த பித்தான் மறுநாள் தைத்திருந்தால், தங்கை நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "பித்தான் இருக்கு" என்பார். அவளுக்கும் போன உயிர் திரும்பும்.

திடீரென்று மச்சான் வருவது நின்றது. யாரோ ஒரு சிப்பாய் வந்தான். பழைய ஆள் எங்கே என்று கேட்க இவருக்கு நாக்கு துடித்தது. கேட்டால் வம்பு. வீட்டில் தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

"தங்கச்சிக்கு ஏதாவது ஆயிருந்தா?" என்றாள் மனைவி.

"வாயக் கழுவு!" என்று எரிந்து விழுந்தார்.

ஒரு காலை, குழிக்குள் ஒரு பெண் இறங்கினாள். புருஷன் செத்தால் பெண்டாட்டிக்கு வேலை தருகிற வழக்கம் அங்கேயும் இருந்திருக்கிறது. மச்சானுடைய தொளதொள நீலச் சட்டை. கண் மட்டும் தெரியும்படி முகத்தில் துணி. கெட்டிக்காரி! அந்த மூக்கைப் பார்த்தால் கண் தெரியாதவன்கூட அண்ணன் தங்கை என்று சொல்லிவிடுவான்.

மச்சான் போய்விட்டார். தங்கை இருக்கிறாள்.

"திறக்கலாமா?"

"திறக்கலாம் சார்."

அவர் சக்கரம் சுழன்றது. அவளுடையது அசையவில்லை. குழாய் உறுமத் தொடங்கியது. அவர் பதறிப்போய்த் தன்னுடையதை மூடினார். மேலே துப்பாக்கிகள் குழியை நோக்கிக் குனிந்தன.

"என்ன நடக்குது கீழ?" என்று மேலிருந்து கத்தினார் காவல் அதிகாரி.

ஓடிப்போய் உதவலாம் என்று கால் பரபரத்தது. கோட்டைத் தாண்டினால் குண்டு.

"எனக்கு வரல சார். வேலைக்குப் புதுசு. சொல்லிக் குடுங்க."

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பம்ப் ஹவுஸ் குடியிருப்பில் பிறந்து, சின்ன வயசிலேயே இவரைவிட வேகமாக வால்வு திருப்பியவள்! அடிப்பாவி, வேண்டுமென்றே... அப்போதுதான் உறைத்தது. புது ஆளுக்குச் சொல்லிக் கொடுப்பது வேலைப் பேச்சு.

"காலை ஊனி நில்லுங்க," என்றார். "சாப்பிட்டீங்களா? வெறும் வயித்தோட வந்தா இது திரும்பாது."

"சாப்பிடவே தோணல சார். அவர் போனதுல இருந்து."

"அப்படி இருக்கக் கூடாது. சமைச்சுப் போட ஆள் இல்லையா?"

"பையன் இருக்கான் சார். நல்லா சமைப்பான்."

தனக்கு ஒரு மருமகன் இருப்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பித்தான் அதையெல்லாம் சொல்லவில்லை.

"யோவ், என்ன கதை ஓடுது?"

"தெம்பில்லாம பிடிச்சா குழாய் வெடிச்சிடும் ஐயா. ரெண்டு ஊரும் காஞ்சு போயிடும்."

மேலே துப்பாக்கிகள் நிமிர்ந்தன.

"இப்போ திருப்புங்க."

ஒரே இழுப்பில் திருப்பினாள். தண்ணீர் பாய்ந்தது.

அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் தலைவர்கள் மாறினார்கள். பேச்சுவார்த்தை நாலு தடவை முறிந்தது, வேலி உயர்ந்தது. தண்ணீர்ப் பிரிவை மட்டும் யாரும் தொடவில்லை. அந்தப் பெண்ணுக்கு இன்றுவரை வால்வு திறக்கத் தெரியாது. "இப்படி ஒரு மண்டூகத்த எங்கய்யா பிடிச்சாங்க?" என்று அதிகாரி தலையில் அடித்துக்கொள்வார். "என்ன பண்றது ஐயா, மரமண்டை!" என்று இவரும் சத்தமாகத் திட்டுவார். துணிக்குள் தங்கை சிரிப்பது கண்ணில் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்பாள், "இன்னைக்காவது கத்துக்கிட்டாளா?"

"எங்க? நாளைக்கும் முதல்ல இருந்து சொல்லித் தரணும்."