சோற்றுக்கையைக் கேட்டேன், மற்றக் கையைக் கட்டினார்கள்

கத்திரிக்கோல் கீழே விழுந்த சத்தம்தான் எனக்கு முதலில் கேட்டது. என் கை அதை விட்டதே எனக்குத் தெரியாது.

அது நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதம். பெருநாளைக்குத் தைக்கத் தந்த அபாயாத் துணிகள் கட்டில் நிறையக் கிடந்தன. சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் தையலறை. பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து கறுப்புத் துணியொன்றை விரித்து வெட்டிக்கொண்டிருந்தேன். விழுந்த கத்திரிக்கோலைக் குனிந்து எடுக்கப் பார்த்தேன். வலக்கை வரவில்லை. யாருடைய கையையோ என் தோளில் மாட்டிவிட்டதுபோல் தொங்கியது. உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவரை "மச்சான்" என்று கூப்பிட்டேன். வாயிலிருந்து வந்தது எனக்கே விளங்காத ஒரு சத்தம்.

அவர் ஓடிவந்து என் முகத்தைப் பார்த்தார். "என்ன புள்ள இது? ஏன் வாய் கோணுது?"

பாரிசவாதம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிறஷர் கூடி மூளையில் இரத்தக் குழாய் அடைத்துவிட்டதாம். எனக்கு வயது நாற்பத்திரண்டு. பிறஷர் இருந்ததே எனக்குத் தெரியாது. அது வயதானவர்களுக்கு வரும் வருத்தம் என்றல்லவா இருந்தேன்!

பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. கால், ஊன்றுகோலோடு நடக்கும் அளவுக்கு வந்தது. கை மட்டும் வரவில்லை. மடியில் எடுத்து வைத்தால் மடியில் கிடக்கும்.

தையல் போனதை நான் தாங்கிக்கொண்டேன். சோறு தின்பதைத்தான் தாங்க முடியவில்லை. இடக்கையில் கரண்டி பிடித்துத் தின்றேன், இல்லாவிட்டால் இவர் ஊட்டிவிட்டார். நோயாளிக்கு அதில் குற்றமில்லை என்று மௌலவி சொன்னார். அறிவுக்கு அது விளங்கியது, மனதுக்கு விளங்கவில்லை. ஒரு கலியாண வீட்டில் பெண்கள் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்தோம். எல்லோருடைய கையும் ஒரே தட்டுக்குள் போனது. என் கையை எங்கே வைப்பது? பசியில்லை என்று எழும்பி வந்துவிட்டேன். வந்த வான் வண்டிக்குள் இருந்து அழுதேன். அன்றிலிருந்து, தொழுகையில் நெற்றி நிலத்தில் படும் ஒவ்வொரு ஸுஜூதிலும் ஒரே துஆதான். "யா அல்லாஹ், என்ட சோத்துக்கையத் தா. வேற ஒண்டும் வேணாம்."

மாதங்கள் போயின. பதில் இல்லை. ஒரு கட்டத்தில், கேட்பதற்கே வெட்கமாகிவிட்டது.

அப்போதுதான் கல்முனையில் கிளினிக்குக்குப் போன இடத்தில் தர்ஷினி மிஸ்ஸைக் கண்டேன். உடற்பயிற்சிச் சிகிச்சை படித்த இளம் பெண். பாரிசவாதத்தாலும் வேறு நரம்பு நோய்களாலும் கை விழுந்தவர்களுக்கு ஒரு பயிற்சியைக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "விரல நிமித்துங்க அக்கா" என்றார்.

"அது செத்துப்போச்சு மிஸ்."

"பரவால்ல, நிமித்துங்க."

நான் கோபத்தோடுதான் முயன்றேன். சுட்டுவிரல் எழும்பியது. கொஞ்சம்தான். ஆனால் எழும்பியது! இவ்வளவு காலமும் அந்த விரல் உயிரோடா கிடந்தது?

"கை சாகல்ல" என்றார் மிஸ். "ஆரம்பத்தில கூப்பிட்டிருப்பீங்க, அது வரல்ல. பிறகு உங்கட மூளையே அதக் கூப்பிடுறத விட்டிட்டுது. மற்றக் கை எல்லாத்தையும் செய்யுதே, பிறகு இது ஏன் வரும்?"

சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு கையுறையை எடுத்தார். சூடான கேக் தட்டை இறக்கப் போடுவோமே, அப்படித் தடித்தது. அதை எனது நல்ல கைக்கு, இடக்கைக்கு, மாட்டிக் கட்டவேண்டுமாம். விழித்திருக்கும் நேரமெல்லாம் அது கையில் இருக்கவேண்டும். தொழுகைக்கு முன் கைகால் கழுவும் வுளூவுக்கும் குளிப்புக்கும் ஊன்றுகோலோடு நடக்கும்போதும் மட்டும் கழற்றலாம். எல்லா வேலையையும் விழுந்த கைதான் செய்யவேண்டும்.

கூட வந்திருந்த இவர் கத்திவிட்டார். "என்ன கதை கதைக்கிறீங்க? ஒரு கை இல்லாமத் தவிக்கிறாள். இரிக்கிற கையையும் பறிக்கப் போறீங்களா? என்ட பொண்டாட்டியிலயா உங்கட பரிசோதனை?"

மிஸ் கோபப்படவில்லை. "சுகம் வருமெண்டு நான் உறுதி தரமாட்டன். இது ஆராய்ச்சி. வேணாமெண்டா எந்த நேரமும் நிப்பாட்டலாம்."

வீட்டுக்கு வந்து பின்னேரம் அஸர் தொழுதேன். நெற்றியை நிலத்தில் வைத்தபோது ஒரு நினைப்பு வந்து என்னைத் தூக்கிப் போட்டது. நான் எந்தக் கையை இத்தனை மாதம் கேட்டேனோ, அதே கையைத் தேடித்தானே ஒருத்தி வந்திருக்கிறாள்! எழும்பி இவரிடம் சொன்னேன், "நான் போறன் மச்சான்."

பயிற்சிக்கு வந்தவர்களில் பாண்டிருப்பைச் சேர்ந்த கோமதியும் இருந்தாள். வங்கியில் வேலை, என்னைவிட இளையவள். அவளுக்கு வந்தது பாரிசவாதமல்ல. நரம்புகளை மூடியிருக்கும் உறையை உடம்பே அரிக்கிற நோயாம், எம்.எஸ். என்பார்களாம். அப்படியொரு நோய் இருப்பதே நான் அன்றுதான் கேள்விப்பட்டேன்.

"எனக்கு இது வந்து வந்து போகும் அக்கா" என்றாள். "இண்டைக்குப் புடிக்கிறத நாளைக்கு விடவேண்டி வரும்."

"அப்ப ஏன் இந்தக் கஷ்டம்?"

"இண்டைக்கு என்ட புள்ளைக்குத் தலை வாரி இழுத்துவிடோணுமே."

நான் இடக்கையை நீட்டி, கையுறையை மாட்டிவிடச் சொன்னேன்.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கடலை பொறுக்கினோம், உடுப்பு கிளிப்பைக் கயிற்றில் மாட்டினோம், கோப்பையில் தண்ணீர் ஊற்றினோம். பாதி மேசையில் கொட்டியது. அவள் சிரிப்பாள், நான் அழுவேன். "உங்களுக்கும் சேத்துத்தான் முருகனக் கும்பிடுறன்" என்பாள்.

வீட்டில்தான் பெரும்பாடு. ஒருநாள் பகல், சோற்றுத் தட்டுக்கு முன்னால் இருக்கிறேன். இடக்கை கையுறைக்குள். வலக்கை சோற்றில் விழுந்து கிடக்கிறது, கூட்டி எடுக்கத் தெரியவில்லை. எடுத்த சோறு மடியில் கொட்டுகிறது. பசியில் காது அடைத்துவிட்டது. இவர் பொறுக்கமாட்டாமல் ஒரு பிடி சோற்றைக் குழைத்து என் வாயருகே கொண்டுவந்தார்.

"வேணாம்" என்றேன்.

"ஒரு வாய் தின்னு புள்ள. மிஸ்ஸுக்கு ஆரு சொல்லப்போறா?"

"ஊட்டினா இந்தக் கை திரும்பவும் படுத்திடும் மச்சான். போங்க வெளிய."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். நான் தனியே அழுதேன். "யா அல்லாஹ், நீ தந்த கை. இதைக் கூப்பிட எனக்குத் தெரியல்ல. நீயே கூப்பிடு." பிஸ்மில்லாஹ் சொல்லி விரல்களை மடக்கினேன். சோறு கூடியது. முழங்கையைத் தூக்கினேன், கை பாதி வழிதான் வந்தது, நான் தலையைக் குனிந்து எதிர்கொண்டேன். உதட்டில் சோறு பட்டது. பட்டதும் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களும் வேலியைத் தாண்டி ஓடிவந்தார்கள். எனக்குத் திரும்பவும் வாதம் அடித்துவிட்டது என்று நினைத்து இவர் வெறுங்காலோடு பாய்ந்து வந்தார். என் வாயில் சோறு. என் விரலில் சோறு. அவர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். அடுத்த பிடியை நான் அவருக்கு ஊட்டினேன். பாதி அவருடைய சட்டையில் விழுந்தது.

அல்ஹம்துலில்லாஹ். நடந்ததை நடந்தபடி சொல்லவேண்டும்: என் கை முழுதாகத் திரும்பவில்லை. ஊசியில் நூல் கோக்க இன்னும் முடியாது. குளிர் நாளில் விரல்கள் இறுகிவிடும். ஆனால் சோற்றுக்கையால் சோறு தின்கிறேன், மெஷினில் மெதுவாகத் தைக்கிறேன், பிறஷர் குளிசையைத் தவறவிடுவதில்லை. பயிற்சிக்குப் புதிதாக வருகிறவர்கள் கையுறையைக் கண்டு மிரளும்போது மிஸ் என்னைக் கூப்பிடுவார். போய்ப் பக்கத்தில் உட்காருவேன்.

உங்கள் வீட்டிலும் கை விழுந்து ஒருவர் கிடந்தால் அறைக்குள் வைத்து மூடிவிடாதீர்கள். துஆக் கேளுங்கள், விடாமல் கேளுங்கள். மருந்தும் பயிற்சியும் அல்லாஹ் திறக்கிற வாசல்தான். அந்த வாசல் எனக்கு முதலில் தண்டனைபோலத்தான் தெரிந்தது. உள்ளே போனபிறகுதான் அவனுடைய இரக்கத்தைக் கண்டேன்.

போன வாரம் கோமதி டெலிபோன் எடுத்தாள். நோய் திரும்பியிருக்கிறது. பார்வை மங்கலாம், கையும் விழுந்துவிட்டதாம். "முதல்ல மருந்து ஏத்துறாங்க அக்கா. அது முடிய, திரும்பவும் கையுறை கட்டச் சொல்லியிரிக்கன். நீங்க வருவீங்கதானே?"

"ஓம், வருவன்" என்றேன்.

போகத்தான் போகிறேன். இதை வாசிக்கிறவர்கள் உங்கள் துஆவில் அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாண்டிருப்புக் கோமதி என்று சொன்னால் போதும். அவன் அறிவான்.