நாலு மணிக்கு மூட்டிய அடுப்பு

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இன்றைக்கு இராஜபாளையத்தில் என் சொந்தக் கூடத்தில் முப்பது தறியில் பேண்டேஜ் துணி ஓடுகிறது. பட்டம் வாங்கியவர்கள் என்னிடம் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். யார் கையையும் எதிர்பார்த்து வந்தவன் இல்லை. தறிக்கு முன்னால் பட்டாளத்தில் சமையல்காரனாக இருந்தேன். அதில் ஒரு தீவில் கிடந்த காலம்தான் என்னை ஆளாக்கியது என்று மற்றவர்கள் சொல்வார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அங்கே போவதற்கு முன்னாலேயே நான் ஆள்தான்.

சென்னையில் கப்பல் ஏறி, போர்ட் பிளேரில் இறங்கி, மறுபடியும் ஒரு சின்னக் கப்பலில் போக வேண்டும். குடும்பத்தைக் கூட்டி வர அனுமதி இல்லாத இடம். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அப்பா இல்லை. தங்கையை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். வீட்டில் அம்மா மட்டும்தான்.

"என்னையும் கூட்டிட்டுப் போயிரேன்லே. உனக்குச் சோறு பொங்கிப் போட்டுட்டு ஒரு மூலையில கெடக்கேன்" என்றாள்.

"நானே அங்க ஒரு பட்டாளத்துக்குப் பொங்கப் போறேம்மா" என்று சிரித்துச் சமாளித்தேன்.

தகரக் கொட்டகையில் படுக்கை. மழை விட்டால்தானே துணி காயும். பெல்ட்டில் பூஞ்சை பூத்தது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்த இடமெல்லாம் புண்ணானது. கூரையிலிருந்து பிடித்த மழைத் தண்ணீர்தான் குடிக்கவும் குளிக்கவும். எனக்கு முன்னால் இருந்த பஞ்சாபிச் சமையல்காரர் மாவு அண்டாவைக் காட்டி, "இனிமேல் இவள்தான் உன் பெண்டாட்டி. விடியுமுன் எழுப்புவாள், படுக்கிற வரைக்கும் விடமாட்டாள்" என்று இந்தியில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அப்போது இந்தி புரியாது, நானும் சிரித்து வைத்தேன். அர்த்தம் பிறகுதான் தெரிந்தது. மூன்றே மாதத்தில் இந்தி பேசினேன். என் சப்பாத்தியைப் பஞ்சாபிகளே கேட்டு வாங்கித் தின்றார்கள். ஆனால் ராத்திரி படுத்தால் கடல் இரைந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தம் கடைசி வரைக்கும் எனக்குப் பழகவில்லை.

ஒருநாள் காலை டீ முடிந்து அடுப்பை அணைத்திருந்தேன். எங்கள் சுபேதார், மலையாளி, சமையல் கொட்டகைக்கே வந்தார். "எடோ, செத்த உட்காரு" என்றார். முந்தின இரவு அம்மா இறந்துவிட்டாள். கப்பல் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த மழையில் ஹெலிகாப்டர் எழும்பாது. அதையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறார். போன் இருந்த அறைக்குக் கூட்டிப் போனார்.

இராஜபாளையத்தில் தெருமுனை எஸ்.டி.டி. பூத்தில் தாய்மாமன் காத்திருந்தார்.

"மாப்ள, கெளம்பிட்டியாலே?"

"கப்பல் இல்ல மாமா."

"வேற பஸ்ஸு, ரயிலு எதுவும் கெடைக்காதா?"

"இது நடுக்கடல்ல கெடக்கு மாமா."

பக்கத்தில் யாரிடமோ "வர முடியாதாம்" என்று சொன்னது கேட்டது. பிறகு என்னிடம், "ஐஸ் வாங்கி வச்சிருக்கோம். வெயிலு கொளுத்துது, தாங்காது மாப்ள. நீ ஒத்தப் பய. எடுக்கவா, வச்சிருக்கவா? உன் வாயால சொல்லிரு" என்றார்.

"எடுத்திருங்க மாமா. எப்ப எடுப்பீக?"

"நாலு மணிக்கு எடுத்துருதோம். உங்க சித்தப்பா மவன் கொள்ளி வைக்கட்டும்."

எங்கள் வீடுகளில் பிணத்தை எடுக்கும்வரை அடுப்பு மூட்டமாட்டோம். காப்பிகூட அடுத்த வீட்டிலிருந்துதான் வரும். நானோ சமையல்காரன். இன்னொரு சமையல்காரன் மலேரியாவில் படுத்திருந்தான்.

"சாப், நாலு மணி வரைக்கும் நான் அடுப்பு மூட்டமாட்டேன்" என்றேன். என் சர்வீஸில் மேலதிகாரியிடம் மாட்டேன் என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"நீ போய்ப் படுத்துக்கோ. வேற ஆளை வைக்கிறேன்."

"வேற ஆளும் மூட்டக் கூடாது சாப். எனக்கு இப்ப இதுதான் வீடு."

மத்தியானத்துக்கு பிஸ்கட்டும் டின் மீனும் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். ரோந்து போய் நனைந்து வந்தவர்களுக்குச் சூடாக எதுவும் இல்லை. "டீயுமா கிடையாது?" என்று ஒரு ஹரியானாக்காரன் கத்தினான். யாரோ காதில் சொன்னார்கள். தட்டை எடுத்துக்கொண்டு வந்து, என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தின்றுவிட்டுப் போனான்.

கடலில் முழுகிவிட்டு வந்து, அணைந்த அடுப்புக்கு முன்னால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு அடித்ததும் மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பம்ப் அடித்துத் தீக்குச்சியைக் கிழித்தேன். இப்போது தெருவைத் தாண்டியிருப்பாள், இப்போது மில் வாசல் பக்கம் போய்க்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே மாவு பிசைந்தேன். அன்றைக்கும் பருப்பில் உப்புக் கூடவோ குறையவோ இல்லை. வேறு யாராவது அப்படிச் சமைத்திருக்க முடியுமா, சொல்லுங்கள்.

சில மாதம் கழித்துத்தான் விடுமுறை கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தங்கை வந்தாள். அம்மா படத்துக்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அண்ணே, மாமா நாலு மணிக்கே எடுக்கணும்னு நின்னாக. நான்தான் விடல. எங்கண்ணன் எப்படியும் வந்துருவான்னு அவிய காலப் புடிச்சுக்கிட்டேன். ரயிலுச் சத்தம் கேக்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். பொழுது அடைஞ்ச பொறவுதான் எடுக்க விட்டேன்."

நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துத்தான் சொன்னாள். பொழுது அடைந்த பிறகு என்றால், தீவில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்து, நான் அண்டா கழுவிக்கொண்டிருந்த நேரம்.

"நல்லது செஞ்ச தாயி" என்றேன்.

லீவு முடிந்ததும் திரும்பக் கப்பல் ஏறினேன். அங்கே இன்னும் ஒரு வருடம் சமைக்க வேண்டியிருந்தது.