சம்பந்தியம்மா பிரிக்க மறுத்த தையல்

எங்கள் சம்பந்தியம்மாவைப் பல்கலைக்கழக நூலகத்தில் ஊசியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கிழிந்த பழைய புத்தகங்களைத் தைத்துச் சரிசெய்வது அவர் வேலை. அவர் மகனுக்குத்தான் என் மகளைக் கொடுத்திருக்கிறேன். போன மாதம் எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பேத்தி பிறந்தாள். மூக்கு அப்படியே என்னுடையது. சம்பந்தியம்மா இதை ஒத்துக்கொள்வதில்லை.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அச்சகத்தில் தாள் மடிக்கப் போனவர் அவர். அங்கிருந்து நூலகத்தின் அரிய நூல்கள் பிரிவுக்கு வந்து முப்பத்தோரு வருடம் ஆகிறது. எந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கினாலும் முதலில் அதன் முதுகைத் தடவிப் பார்ப்பார். தலைப்பைப் படிப்பதெல்லாம் பிறகுதான்.

நான் தச்சன். அங்கே நடக்கவிருந்த கண்காட்சிக்காகப் புத்தகம் சாய்த்து வைக்கும் மரப்பலகைகள் செய்து கொண்டுபோனேன். போன நேரம், பெரிய மேசைக்கு இந்தப் பக்கம் சம்பந்தியம்மா, அந்தப் பக்கம் கணித வரலாறு எழுதும் பேராசிரியர். நடுவில் இருநூறு வருடத்துக் கணக்கு நோட்டு ஒன்று விரிந்து கிடந்தது.

சதுரத்தின் பக்கம் தெரிந்தால், மூலைக்கு மூலை எவ்வளவு என்று யாரோ போட்டுப் பார்த்த கணக்கு. நோட்டின் இடது பக்கத்தில் நுணுக்கமான விடை: 408-க்கு 577. வலது பக்கத்தில் தோராயமான விடை: 12-க்கு 17.

"தோராயம்தானே முதல்ல வரணும்? நீங்க தைச்சப்ப தாள் இடம் மாறிடுச்சும்மா. பிரிச்சு மாத்தித் தைச்சுடுங்க" என்றார் பேராசிரியர்.

பக்கத்தில் இருந்த விளக்க அட்டையைப் பார்த்தேன். 'தைத்தவரின் பிழையால் பக்கங்கள் மாறியுள்ளன' என்று அச்சடித்தே வைத்திருந்தார்கள். சம்பந்தியம்மா இன்னும் நாலு மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவர். முப்பத்தோரு வருட உழைப்புக்கு இந்த ஒரு வரிதான் மிஞ்சுமா?

"பிரிக்க மாட்டேன் சார்."

"அம்மா, இது கணக்கு சம்பந்தப்பட்டது."

"உங்களுக்குக் கணக்கு. எனக்குத் தாள்."

சொல்லிவிட்டுக் கைப்பையிலிருந்து சின்ன முகக்கண்ணாடியை எடுத்தார்.

"இப்பவா சம்பந்தி பவுடர் போடணும்?" என்றேன். முறைத்தார்.

வலது பக்கத்தின் நடுவில் மங்கலாக ஒரு பழுப்புக் கறை. அதன் பக்கத்தில் கண்ணாடியைப் பிடித்தார். கறை கண்ணாடிக்குள் 577 என்று தெரிந்தது.

"எழுதினவன் மை காயறதுக்குள்ள நோட்டை மூடியிருக்கான். எதிர்ப் பக்கத்துல ஒட்டிக்கிச்சு."

"சரி, ரெண்டும் எதிரெதிரா இருந்திருக்கு. எது முதல்ல எழுதினதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"இந்த வரியைப் பாருங்க. நேரா வருது. கறைகிட்ட வந்ததும் கீழ இறங்கி, தாண்டினதும் மேல ஏறிக்குது. வழியில சேறு கிடந்தா நாம சுத்திப் போறதில்லையா? கறை பட்ட பிறகுதான் இந்தப் பக்கத்தை எழுதியிருக்கான்."

பேராசிரியர் விரலை நீட்டினார். "தொடாம பாருங்க" என்றார் சம்பந்தியம்மா.

"இது தெரிஞ்சும் இத்தனை நாள் சொல்லலையே?"

"யாரு கேட்டீங்க?"

பேராசிரியர் தலையைச் சொறிந்தார். "நுணுக்கமான விடை கிடைச்ச பிறகு எதுக்குத் தோராயத்துக்கு வரணும்?"

என் வாய் சும்மா இருக்குமா? "நானூத்தெட்டை வச்சுக்கிட்டு எவன் சார் மரம் அறுப்பான்? சட்டம் கோணாம இருக்கான்னு பார்க்க எங்களுக்குப் பன்னிரண்டுக்குப் பதினேழு போதும். தச்சு வேலைக்காரங்களுக்காகச் சுருக்கியிருப்பான்."

"சம்பந்தி இன்னைக்குத்தான் உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்கார்" என்றார் சம்பந்தியம்மா.

பேராசிரியர் குனிந்து அந்த வளைந்த வரியை மறுபடி பார்த்தார். திடீரென்று சிரித்துவிட்டார். "தோராயத்துல தொடங்கித் தேறின கத்துக்குட்டியோட நோட்டுன்னு கட்டுரையே எழுதிட்டேனேம்மா!" அட்டையை இரண்டாகக் கிழித்தார். "புது அட்டையில உங்க பேரைப் போட்டுடறேன்."

"பேரு கிடக்கட்டும் சார். பழுதுப் பதிவேட்டுல 'பக்க வரிசை சரி'ன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்க. எனக்கு அது போதும்."

பேராசிரியர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

"பழைய நோட்டு பக்கத்துல இருக்குல்ல? மை பட்டுடும். பேனாவை உள்ள வைங்க" என்று பென்சிலை நீட்டினார் சம்பந்தியம்மா. பேராசிரியர் பேனாவை மூடி உள்ளே வைத்துவிட்டு, பென்சிலை வாங்கி எழுதினார்.