மாமன் மிதித்த நெருப்பு

லண்டனில் எட்டாம் வகுப்பு படிக்கும்போது, பள்ளிக்கூடக் கழிப்பறையில் நான் பெரிய மனுஷி ஆனேன். பள்ளித் தாதி தந்த பொட்டலத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டேன். இரண்டு இடத்தில் வேலை பார்த்துக் களைத்து வரும் அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

சொன்னால் இலங்கையில் லுணுகலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் தாய்மாமனுக்குச் சேதி போகும். விடுமுறைக்கு என்னை அங்கே இழுத்துப் போவார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்டுவார், சீர்த்தட்டு வரும், ஊரே என்னைப் பார்க்கும். யாராவது படம் பிடித்துப் போட்டு என் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துவிட்டால்? சீ, மானமே போய்விடும் என்று நினைத்தேன். அவ்வளவு திமிர் எனக்கு.

மாமன் அம்மாவின் ஒரே அண்ணன். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். அவருக்குப் பெண்பிள்ளை இல்லை. ஞாயிறு தவறாமல் போனில் வருவார். “என்ன மருமவளே, மாமனுக்கு எப்பத்தான் சேதி சொல்லப்போற? ஓலை வெட்டக் கத்தி தீட்டி வச்சிட்டேன்” என்று கேலி பண்ணுவார். நானும் சிரித்துவைப்பேன். எனக்குப் பதினைந்து ஆனதும் அந்தக் கேலி நின்றுபோனது. அம்மாவிடம் மட்டும் தணிந்த குரலில் பேசினார்.

அந்த வருஷத் திருவிழாவில் மாமன் தோட்டத்து மாரியம்மனுக்குத் தீ மிதித்தார். நான் சீக்கிரம் பெரிய மனுஷி ஆகவேண்டும் என்று நேர்ந்துகொண்டாராம். அம்மா வீடியோவைக் காட்டினாள். மஞ்சள் வேட்டியோடு இறங்கிய மனிதருக்கு நெருப்பின் நடுவில் ஒருமுறை கால் இடறியது. இதோடு முடியட்டும் என்று, அடுத்த வாரமே “அம்மா, இன்னைக்குத்தான்” என்று பொய் சொன்னேன்.

முடியவா செய்தது? “ஆத்தா கண்ணத் தொறந்துட்டா!” என்று மாமன் போனில் அழுதார். உயிருள்ளவரை வருஷா வருஷம் இறங்குவதாக மறுபடி நேர்ந்துகொண்டார். அந்த விடுமுறையில் நான் குடிசைக்குள் உட்கார்ந்திருக்க, அவர் குதிகாலை ஊன்றாமல் சீர்த்தட்டோடு நடந்து வந்தார்.

எட்டு வருஷம் ஓடிவிட்டது. மாமனுக்குச் சர்க்கரை வியாதி. போன வருஷப் புண் ஆறாமல், பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒரு விரலை எடுத்தார்கள். இனி நெருப்புப் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். “நேந்தத நிறுத்துனா புள்ளைக்கு ஆகாது” என்றார் மாமன். அதிலிருந்து அடுப்பைப் பற்றவைக்கவே எனக்குப் பயம். அந்த நீலத் தீயில் அவர் கால்தான் தெரிகிறது.

இந்த வருஷத் திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு போனில் மாமனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தகரத்தின் மேல் மழை விழும் சத்தத்துக்கு நடுவே மாமன் கேட்டார்.

“அப்ப அன்னைக்கு ஒனக்கு நல்லெண்ணெயும் முட்டையும் யாரும்மா குடுத்தா?”

“யாரும் இல்ல மாமா.”

“தலைக்குத் தண்ணி?”

“இல்ல.”

“இத்தன பேரு இருந்தும் புள்ள தனியா கெடந்திருக்கே” என்று விம்மினார். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை அம்மா வேலையிடத்திலிருந்து அழைத்தாள். மாமன் நெருப்பில் இறங்கிவிட்டாராம். அன்றைக்கு என்னைத் தனியாக விட்ட குற்றத்துக்காக இந்த முறை நேர்ந்துகொண்டாராம்.