ஜமால்தீன் நானாவின் எழுபத்தொரு டிகிரி

கொதிக்காத வண்டி வேண்டுமென்றால் ஜமால்தீனிடம் விடு என்று கண்டிக்கு மேலே அம்பிட்டியவில் சொல்வார்கள். ஊருக்கே அண்ணனான ஜமால்தீன் நானாவுக்கு இருபத்தாறு வருடங்களாக இருக்கும் பெயர் அதுதான். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு தழும்பு இருக்கிறது. வாலிபத்தில் ஒரு கல்யாண வேனைக் கடுகண்ணாவ ஏற்றத்தில் ஓட்டிப் போனபோது என்ஜின் கொதித்துவிட்டது. அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோனது.

கழற்றிப் பார்த்தால் தெர்மோஸ்டாட் திறக்காமல் இறுகிக் கிடந்திருக்கிறது. என்ஜின் போதிய சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் சின்னச் சாமான் அது. அன்றிலிருந்து, தன் கராஜுக்கு வரும் எந்த வண்டியானாலும் எண்பத்திரண்டு டிகிரியில் திறப்பதைக் கழற்றிவிட்டு, எழுபத்தொன்றிலேயே திறப்பதைத் தேடிப் போட்டுவிடுவார். வண்டிக்காரர்களுக்கு அது தெரியாது. ஏற்றத்தில் கொதிக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

என் வண்டிக்கும் அதைத்தான் போட்டிருந்தார். இரண்டே பேர் உட்காரும் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். நான் கனடாவில் இருக்கிறேன். டிசம்பர், ஜனவரியில் ஊருக்கு வரும்போது ஓட்டுவதற்காக, தங்கை ஸுமைராவின் வீட்டில் அதைப் போட்டு வைத்திருக்கிறேன். இந்த ஜனவரியில் வண்டி லைசன்ஸ் புதுப்பிக்க, நானும் நானாவும் கண்டிக்குப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டு போனோம். பெயில்.

"நானா, ஒங்க கராஜ் வண்டியெல்லாம் ஏன் தடுமல் புடிச்சிக்கிட்டே வருது?" என்று கேட்டார் மெஷினைப் பார்க்கும் அன்னலட்சுமி. "என்ஜின் சூடே ஏறல. பெட்ரோல் பாதி எரியாம வருது."

ஜமால்தீன் நானா அவர் நீட்டிய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

எனக்கு எதையும் வாசித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் பாதிப் பாடம் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் படித்தவன். குழம்பினாலும் இரண்டு மொழியிலும் குழம்புவேன். இணையத்தில் ஒருவர், ஸ்போர்ட்ஸ் காருக்குக் குறைந்த சூட்டில் திறக்கும் தெர்மோஸ்டாட்தான் நல்லது, ஆனால் குளிர்காலத்தில் மாற்றிவிடு என்று எழுதியிருந்தார். இன்னொருவர் எந்தக் காலத்திலும் மாற்றத் தேவையில்லை என்றார். மூன்றாமவர் இருவரையும் திட்டியிருந்தார். அதற்கு மேல் என் சந்தேகம் வேறு: எது குளிர்காலம்? நான் இருக்கும் ஊரில் மைனஸ் இருபது வந்தால்தான் அந்தப் பேச்சே எழும். இங்கே பதினாறு டிகிரிக்கே ஆட்கள் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். கார் யார் பக்கம்?

"நானா, குளிர் காலத்துக்கு மட்டும் எண்பத்திரண்டப் போட்டுப் பாப்பமா?" என்று கேட்டேன்.

"குளிர் காலமா? இங்க என்ன ஐஸா கொட்டுது? தொப்பி போட்டா கனடாவா?"

"இல்ல, நான் வாசிச்ச..."

"அத எழுதினவன் கடுகண்ணாவ ஏறி இரிக்கானா?"

துணியால் கையைத் துடைத்தவர், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இது பிழையெண்டா ஒங்கட வண்டி மட்டும் இல்ல, ஹில்மி தம்பி. இருபத்தாறு வருஷமா நான் போட்ட அம்புட்டும் பிழை. அத யோசிச்சிப் பாத்தீங்களா?"

நான் அதை யோசித்திருக்கவில்லை.

மறுநாள் அவரே எண்பத்திரண்டைப் போட்டார். பரிசோதனைக்கு முன்னால், ஏற்றத்தில் கொதிக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்று கலகெதரவுக்கு இறங்கித் திரும்பி ஏறினோம். ரோட்டைப் பார்த்ததைவிட அதிகமாக அவர் சூட்டைக் காட்டும் ஊசியைத்தான் பார்த்தார். ஊசி நடுவுக்கு வந்ததும் என்ஜினை நிறுத்தக் கை சாவிக்குப் போனது.

"நானா, நடுவுல நிக்கிறதுதான் சரி!"

"நீங்க சொல்லி என்ன? ஊசி சொல்லணும்."

ஊசி அங்கேயே நின்றது. நேராகப் பரிசோதனைக்குப் போனோம். பாஸ். அன்னலட்சுமி தாளை நீட்டினார். நான் நானாவின் தோளைத் தட்டப் போனேன். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"தம்பி, எது பாஸாக்கின? தெர்மோஸ்டாட்டா, கலகெதர ஏத்தமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் முறை அம்பிட்டியவிலிருந்து இறக்கத்திலேயே வந்தோம். என்ஜினுக்கு வேலையே இல்லை. இந்த முறை ஏறி வந்தோம். தெர்மோஸ்டாட்டையும் வழியையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

வேறு யாராக இருந்தாலும் தாள் கிடைத்துவிட்டதென்று விட்டிருப்பார்கள். ஜமால்தீன் நானா சனிக்கிழமை காலை மறுபடியும் எழுபத்தொன்றைப் போட்டார். அதே கலகெதர, அதே ஏற்றம், அதே நேரம். ஏற்றத்தில் மேலே போன ஊசி, கண்டிக்குள் வந்து பரிசோதனை வரிசையில் நின்றபோது மெல்ல இறங்கிவிட்டது.

"பாஸான புள்ள மறுபடியும் பரீட்சைக்கு வந்திருக்கா?" என்றார் அன்னலட்சுமி. "மார்க்கு பத்தலியாமா?"

"எழுதட்டும் அன்னம். முடிவ மட்டும் சொல்லுங்க."

அன்னலட்சுமி திரையைப் பார்த்தார். பிறகு நானாவைப் பார்த்தார். இந்த முறை கேலி செய்யவில்லை. "பெயிலுங்க, நானா."

"தாள் அடிச்சித் தாங்க."

"இத வச்சு என்ன செய்யப் போறீங்க?"

"பாக்கத்தான்."

திரும்பி ஏறும்போது நான் பேசிக்கொண்டே வந்தேன். இது கம்ப்யூட்டர் உள்ள வண்டி. என்ஜின் இன்னும் குளிரில் இருக்கிறதென்று நினைத்து அது பெட்ரோலைக் கூட்டி ஊற்றுகிறது. பழைய வேன்களில் அப்படி இல்லை. ஒருவேளை ஜனவரியில் மட்டும்தான் இப்படியோ. சித்திரை வெயிலில் அவர் செய்ததே சரியாக இருக்கலாம்.

"தம்பி, இதெல்லாம் தெரிஞ்சி சொல்றீங்களா, ஆறுதலுக்குச் சொல்றீங்களா?"

"தெரியாது, நானா."

"அப்ப சரி. எனக்கும் தெரியாது."

கராஜுக்கு வந்ததும் பாஸான தாளையும் இன்று பெயிலான தாளையும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும், மஹ்மூத் ஹாஜியார். வண்டிய ஒருக்கா கொண்டு வாங்க... இல்ல, ஒண்டும் ஒடயல்ல. நல்லாத்தான் ஓடும். நான் போட்ட சாமான் ஒண்டப் பாக்கணும்... பிழையா இரிக்கலாம். சரியாவும் இரிக்கலாம்... தெரியாது ஹாஜியார். தெரியாததாலதானே கூப்பிடுறேன்."

அந்தப் பக்கம் ஹாஜியார் நெடுநேரம் ஏதோ கேட்டார். நானா எல்லாவற்றுக்கும் "ஓ, ஓ" என்று சொல்லி முடித்துவிட்டு, அடுத்த வண்டிக்காரரின் பெயரைத் தேடிப் போன் திரையை விரலால் மேலே தள்ளினார். பெயர்கள் ஓடிக்கொண்டே இருந்தன.